பெரும்பொழுது இல்லாத மலை



நான்காம் ஆண்டு அறிவியல் பாடத்தில் பூமி தன் அச்சில் சுழல்வதும், சூரியனைச் சுற்றி வருவதும் ஒன்றாக வருகின்றன. முதலாவதால் இரவும் பகலும். இரண்டாவதால் ஆண்டும் பருவங்களும். பாடம் இவ்வளவுதான், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் பருவங்களை விளக்குவதற்கு நாம் காட்டும் படங்களில் எப்போதும் ஒரே மரம் நான்கு கோலங்களில் நிற்கும்: பூத்த மரம், தழைத்த மரம், இலையுதிர்த்த மரம், பனி மூடிய மரம். அப்படத்தையும் பார்த்துச் சன்னலுக்கு வெளியேயும் பார்த்த ஒரு மாணவி, "ஐயா, இப்ப நம்ம ஊருல எந்தக் காலம்?" என்று கேட்டாள். வெளியே தேயிலைச் செடிகள் நின்றன. சனவரியில் எப்படி நின்றனவோ, சூலையிலும் அப்படியே நிற்பவை அவை.

அந்தக் கேள்விக்கு வகுப்பில் சொல்லக்கூடிய விடை சிறியது. சொல்ல நேரமில்லாமற்போன விடையை இங்கே எழுதுகிறேன்.

கோலா தெர்லாவை அறியாதவர்களுக்காக ஒரு சொல். கேமரன் மலைக்குச் சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் நின்றுவிடுவார்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே வந்தால் திரிங்காப். அதையும் கடந்தால் கோலா தெர்லா. அதற்கப்பால் கம்போங் ராஜா. மலாய்மொழியில் 'கோலா' என்பது ஆறு சென்று கூடும் இடம். தெர்லா ஆற்றின் பெயரைக் கொண்ட ஊர் இது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே நாலரைப் பாகையில், கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். இவ்விரண்டு செய்திகளும்தான் இங்குள்ள வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. நாலரைப் பாகை என்பதால் பருவம் இல்லை. உயரம் என்பதால் குளிர் உண்டு. குளிர் இருந்தும் குளிர்காலம் இல்லாத ஊர்.

தொல்காப்பியம் கற்றவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். நம் முன்னோர் காலத்தைப் பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் இரண்டாகப் பிரித்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என்பன சிறுபொழுது. (சிறுபொழுது ஐந்தா ஆறா என்பதில் புலவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை இங்கே விட்டுவிடுவோம்.) பூமியின் இரண்டு அசைவுகளும் இப்பிரிவில் அப்படியே அடங்கிவிடுகின்றன. சிறுபொழுது பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வருவது. பெரும்பொழுது சூரியனை வலம் வருவதால் வருவது. பூமி சுழல்கிறது என்ற கோட்பாடு அவர்களிடம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமைப்படுவோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு நாளின் ஓட்டமும் ஓர் ஆண்டின் ஓட்டமும் வெவ்வேறு என்று கண்டு, அவற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டார்கள் என்பதே எனக்குப் போதும்.

அக்கணக்கின்படி மலைநிலமாகிய குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். கோலா தெர்லாவும் மலைநிலந்தான். ஆனால் இங்கே யாமம் மட்டுமே இருக்கிறது. கூதிரும் முன்பனியும் நாள்தோறும் இரவில் வந்து காலையில் போய்விடுகின்றன. பகலில் வெயில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று பாகை செல்சியசு வரை ஏறும். விடியற்காலையில் பதினைந்து வரை இறங்கும். ஒரே நாளில் ஏழெட்டுப் பாகை வேறுபாடு. ஆனால் மாதச் சராசரியை எடுத்துச் சனவரிக்கும் மே மாதத்திற்கும் ஒப்பிட்டால் இரண்டு பாகை வேறுபாடும் தேறாது. வேறு நாட்டு மரங்கள் ஓராண்டில் காணும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கை நம் செடிகள் ஒரே இரவில் காண்கின்றன. ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: "ராத்திரி குளிர்காலம், மத்தியானம் வேனிற்காலம்." வகுப்பு சிரித்தது. அது விளையாட்டுக்காகச் சொன்னதன்று.

சுழற்சியைப் பற்றி மாணவர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு. பூமி இவ்வளவு வேகமாகச் சுற்றினால் நமக்கு ஏன் தெரியவில்லை? நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. நம் ஊரிலும் ஏறக்குறைய அதே வேகந்தான். சூரியனைச் சுற்றும் வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. மலைப்பாதையில் பேருந்தில் வந்து பழகிய பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தாப்பாவிலிருந்து ஏறி வரும் பாதையில் வாந்தி வருவது வேகத்தால் அன்று, வளைவுகளால். வளைவும் நிறுத்தமும் இல்லாத நேர்ச்சாலையில் சீராக ஓடும் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டால் ஓடுவதே தெரியாது. பூமியும் வளைந்துதான் செல்கிறது. ஆனால் அவ்வளைவு அவ்வளவு பெரியது, அவ்வளவு சீரானது. நம்மோடு சேர்ந்து காற்றும் மலையும் பள்ளிக்கூடமும் ஓடுகின்றன.

இனிப் பெரும்பொழுதுக்கு வருவோம். பருவங்கள் ஏன் வருகின்றன என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர், பூமி சூரியனுக்கு அருகில் போகும்போது வெயில், தள்ளிப் போகும்போது குளிர் என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரித் தொடக்கத்தில்; ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கி.மீ. தொலைவில். மிக விலகி நிற்பது சூலைத் தொடக்கத்தில். 15 கோடியே 21 இலட்சம் கி.மீ. அருகில் இருக்கும் அந்தச் சனவரியில்தான் இலண்டனில் நடுக்கும் குளிர். காரணம் தொலைவன்று, சாய்வு. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாதம் வடபாதியும் ஆறு மாதம் தென்பாதியும் வெளிச்சத்தின் பக்கம் குனிகின்றன.

இந்தச் சாய்வின் பயன் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் கூடும். இலண்டனில் சூன் மாத நீண்ட பகல் பதினாறரை மணி நேரத்திற்கும் மேல்; டிசம்பரில் எட்டு மணி நேரங்கூட இல்லை. சென்னையில் அந்த வேறுபாடு ஒன்றரை மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. கோலா தெர்லாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரந்தான் வேறுபாடு. அரை மணி நேரத்தை யார் கவனிப்பார்கள்? மழைமேகம் ஒன்று வந்தால் அதைவிட அதிகமாக இருட்டிவிடும்.

தேயிலை கவனிக்கிறது, கவனிக்காமலும் இருக்கிறது. தார்சிலிங்கிலும் அசாமிலும் குளிர்மாதங்களில் பகல் குறுகிக் குளிர் கூடும்போது தேயிலைச் செடி உறங்கிவிடுகிறது. கொழுந்து விடுவதில்லை. தார்சிலிங்கில் மார்ச்சு வாக்கில் எடுக்கும் முதற்கொழுந்துக்குத் தனி மதிப்பும் தனி விலையும் உண்டு. நீண்ட உறக்கத்திற்குப் பின் வருவதாலேயே அச்சுவை. நீலகிரியில் பறிப்பு ஆண்டு முழுவதும் உண்டெனினும் டிசம்பர், சனவரியில் உறைபனி விழுந்து செடியைக் கருக்கிவிடும். கேமரன் மலையில் 1929இல் போ நிறுவனம் தோட்டம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை செடி உறங்கவில்லை. உறங்கு என்று சொல்லும் பகலும் இரவும் இங்கு இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடியில் மறுபடியும் கொழுந்து. தோட்ட முதலாளிக்கு இது நல்ல செய்தி. பறிப்பவர்களுக்கு? உழவனுக்கு அறுவடைக்குப் பின் ஓய்வுக்காலம் உண்டு. பொங்கல் என்பதே அந்த ஓய்வின் வாசலில் வரும் விழா. நம் பாட்டிமார்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தபோது விட்டுவந்தவற்றுள் அந்த ஓய்வுக்காலமும் ஒன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து என்றால் ஆண்டு முழுவதும் கூடை. இந்த ஒன்றை எந்தத் தோட்ட வரலாற்று நூலிலும் தனித் தலைப்பிட்டு எழுதக் கண்டதில்லை.

பருவம் இல்லாத இந்த மலையில் பருவத்தைச் செயற்கையாக உண்டாக்கி விற்பனை செய்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கும். கோலா தெர்லாவைச் சுற்றியுள்ள நெகிழிக் கூரைகளின் கீழே விளைவனவற்றுள் காய்கறிக்கு அடுத்து முதன்மையானது செவ்வந்திப் பூ. மலாயில் 'கெக்வா' என்பார்கள். நம்மவர்களும் பேச்சில் அப்படியே சொல்வதுண்டு. செவ்வந்தி குறும்பகல் தாவரம். இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். சப்பானில் அது இயல்பாகப் பூப்பது இலையுதிர்காலத்தில், இரவு நீளத் தொடங்கும்போது. செடிகள் இரவின் நீளத்தை அளக்கின்றன என்பதற்கு வழிகாட்டிய ஆய்வு 1920இல் வெளிவந்தது. கார்னர், அல்லார்டு என்னும் இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள், வேனிற்காலம் முழுவதும் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒருவகைப் புகையிலையை ஆராய்ந்து இதைக் கண்டார்கள். வெப்பமோ உரமோ காரணமில்லை, பகலின் நீளமே காரணம் என்றனர். செடி உண்மையில் கணக்கிடுவது இருளின் நீளத்தை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். செவ்வந்திக்கு இது எப்போதும் இலையுதிர்காலம். நட்ட குச்சி ஒரு சாண் உயரம் வளர்வதற்குள் மொட்டு விட்டுவிடும். குட்டைக் காம்புப் பூவை யார் வாங்குவார்கள்? ஆகவே நட்ட சில வாரங்களுக்கு நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் பாத்திகளின் மேல் மின்விளக்கு எரிய விடுகிறார்கள். நீண்ட இரவு இரண்டு குட்டை இரவுகளாக முறிந்துபோகிறது. செடி, "இன்னும் வேனில்தான்" என்று நம்பி, பூக்காமல் உயர்ந்துகொண்டே போகிறது. காம்பு போதிய நீளம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குப்பின் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ. நெதர்லாந்தில் வேனிற்காலத்தில் செவ்வந்தி பூக்க வேண்டுமானால் கண்ணாடி வீட்டைக் கறுப்புத் திரையால் மூடி இரவை நீட்ட வேண்டும். இங்கே அந்தச் செலவில்லை. விளக்கை அணைத்தால் போதும், மீதியைப் பூமியின் சுழற்சி பார்த்துக்கொள்கிறது.

இங்கிருந்து போகும் பூக்களில் பெரும்பகுதி சப்பானுக்கு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரவும் பகலும் சமமாகும் நாளை நடுவில் வைத்து அங்கே ஒரு வாரம் முன்னோரை நினைந்து கல்லறைக்குப் பூ வைப்பார்கள். அவ்வாரத்திற்கு 'ஹிகான்' என்று பெயர். ஆகஸ்டில் இன்னொரு முன்னோர் வழிபாடு. பூமி தன் பாதையில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதை நாள்காட்டியில் பார்த்து, அதற்கு இத்தனை வாரம் முன்பு கேமரன் மலையில் விளக்கை அணைக்கிறார்கள்.

இரவில் வீட்டிற்கு வெளியே வந்து நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் பொன்னிறமாக ஒளிரும். புதிதாக வருபவர்கள் "அழகு, அழகு" என்று படம் எடுப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விண்மீன்களைக் காட்டிப் பூமி சுழல்வதை விளங்கவைக்க ஆசைப்படும் ஆசிரியனுக்கு அது பகை. கிழக்கே எழும் ஒரு விண்மீன் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு மேலேறுகிறது என்று பார்த்தாலே சுழற்சி கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிலநடுக்கோட்டருகில் இருப்பதால் வடவானத்தின் எழுமீனையும் தென்வானத்தின் சிலுவையையும் ஒருசேரக் காணும் பேறு நமக்கு உண்டு. இலண்டன் பிள்ளைக்கும் மெல்பர்ன் பிள்ளைக்கும் அது கிட்டாது. துருவமீன் மட்டும் நமக்குத் தெரியாது. ஓர் ஊரின் வடநிலக்கோடு எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் அது நிற்கும். நாலரைப் பாகையில் நின்றால் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். மற்றவற்றை விளக்கொளி மறைத்துவிடுகிறது. மழையும் மேகமும் விட்டுவைத்த மிச்சத்தை.

அதைவிட நான் கவலைப்படுவது காலையைப் பற்றி. இதில் பூக்காரர்களுக்குப் பங்கில்லை, கடிகாரத்திற்கே பங்கு.

நம் ஊரின் நெடுக்கோடு கிழக்கே ஏறத்தாழ 101.4 பாகை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். இக்கணக்கில் நம் உண்மையான நேரம் கிரீன்விச்சைவிட ஆறே முக்கால் மணி முன்னே. மலாயாவில் 1905இல் ஏழு மணி முன்னே என்று வைத்தார்கள், கிட்டத்தட்டச் சரி. 1933இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941இல் மேலும் பத்து நிமிடம். 1942இல் சப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைப் புகுத்தினார்கள். ஒன்பது மணி முன்னே. அக்காலத்தில் கடிகாரத்தில் எட்டு மணி அடித்த பிறகுதான் விடியும். என் பாட்டி அதை "சப்பான்காரன் மணி" என்பார். சொல்லும்போதே முகம் மாறிவிடும். 1945இல் பழைய ஏழரைக்குத் திரும்பினோம். 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டன, பதினொன்றரை நள்ளிரவாயிற்று. சபாவும் சரவாக்கும் தீபகற்பமும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது நோக்கம். நாட்டுக்கு அது நன்மை; நான் அதில் குறை காணவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்றுவரை காலை உறக்கத்தில் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். என் தந்தையார் பல மாதங்கள் கைக்கடிகாரத்தை மாற்றாமல் பழைய மணியிலேயே வைத்திருந்தார். யாராவது நேரம் கேட்டால், "பெரட்டு மணியா, சூரிய மணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

இன்று கோலா தெர்லாவில் சூரியன் எழுவது நவம்பர்த் தொடக்கத்தில் ஏழு மணியளவில். பிப்ரவரியில் ஏழரை மணியளவில். இது சமவெளிக் கணக்கு. கிழக்கே மலை மறைப்பதால் கதிர் முகத்தில் விழ இன்னும் நேரமாகும். பெற்றோர் இருட்டிலேயே வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் ஐந்தரை மணிக்கு எழுந்து, மூடுபனியில் கைவிளக்கோடு லயத்திலிருந்து சாலைக்கு இறங்கிவந்து வேனுக்கு நிற்பார்கள். பதினைந்து பாகைக் குளிர், யாமத்தின் மிச்சம். காலையில் கண்ணில் ஒளி பட்டால்தான் நம் உடலுக்குள் இருக்கும் நாட்கடிகாரம் பகல் தொடங்கியதென உணரும். அதுவரை உறக்கத்தைத் தூண்டும் சுரப்பு முழுதும் அடங்காது. முதற்பாட வேளையில் கொட்டாவி விடும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். நான் என் வகுப்பில் பிப்ரவரி மாதத்தில் கணக்கை முதல் பாடமாக வைப்பதைக் கூடியவரை தவிர்க்கிறேன்; அட்டவணை இடங்கொடுத்தால்.

காற்றையும் மழையையும் சொல்லாமல் விட முடியாது. பூமி சுழல்வதால் வடபாதியில் வீசும் காற்று வலப்பக்கம் ஒதுங்குகிறது. ஆசியாவின் குளிர்நிலத்திலிருந்து தெற்கே இறங்கும் காற்று அவ்வாறு ஒதுங்கி வடகிழக்குப் பருவக்காற்றாகிறது; தெற்கிலிருந்து கோட்டைத் தாண்டி வருவது தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், சூரியன் நம் தலைக்கு மேலே கடந்துபோகும் காலத்தை ஒட்டி, மலையில் மழை மிகும்: ஏப்ரல், மே ஒருமுறை, அக்டோபர், நவம்பர் இன்னொருமுறை. இரண்டாவதுதான் அச்சமூட்டுவது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2014 நவம்பரில் ரிங்லெட் பகுதியில் மண்சரிவும் சேற்று வெள்ளமும். மழைக்குக் காரணம் பூமியின் ஓட்டம். மண் அவ்வளவு எளிதில் இறங்கிவந்ததற்குக் காரணம் காடழித்து வெட்டிய சரிவுகள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். அறிவியல் நூலில் முதலாவது மட்டுமே இருக்கிறது.

பொங்கலைப் பற்றி ஒன்று. தை முதல் நாளில் சூரியன் வடதிசை திரும்புகிறது என்று நாம் மேடையில் பேசுகிறோம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். பூமியின் அச்சு, சுற்றிவிட்ட பம்பரத்தின் தலையைப்போல் ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்ல வட்டமிடுகிறது. நம் நாள்காட்டி விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவது. ஆகவே எழுபது ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் இரண்டும் விலகி, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தவை இன்று மூன்று வாரத்திற்கும் மேல் பிரிந்து நிற்கின்றன. இதனால் பொங்கலுக்கு ஒரு குறையுமில்லை. மேடையில் பேசும்போது "திரும்பிவிட்ட கதிரவன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெரும்பொழுது இல்லை என்றேன். அதன் தடம் ஒன்று மட்டும் இங்கே கண்ணுக்குத் தெரியும். பள்ளித் திடலில் ஒரு கழியைச் செங்குத்தாக நட்டுவைத்தால் ஏப்ரல் 1 வாக்கிலும் செப்டம்பர் 11 வாக்கிலும் உச்சிவேளையில் அதற்கு நிழலே இராது. நடுவே உள்ள ஐந்து மாதங்கள் உச்சிநிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. உச்சிவேளை என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியன்று. ஏப்ரலில் ஒரு மணி பதினெட்டு நிமிடம். செப்டம்பரில் ஒரு மணி பதினொரு நிமிடம். பள்ளி விடும் நேரமும் அதுவே. வேன் ஓட்டுநர் ஐந்து நிமிடம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்நேரத்தில் பெரும்பாலும் மேகம் மூடிவிடுகிறது. எனவே 9ஆம் நாள் தொடங்கி 13ஆம் நாள் வரை தினமும் கழியருகே நிற்பதென்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு நாளாவது வெயில் கிடைக்கும் என்று.